பதில் சொல்கிற வேலை

தெமிர்-புலாக் என்கிற மலையூரின் பள்ளிக்கூடத்தில் அக்மூரை யாரும் ஒரு வார்த்தை கேலியாகச் சொல்லிவிட முடியாது. டமீரா எஜே தோலை உரித்துவிடுவார். ஒன்றிலிருந்து நாலாம் வகுப்பு வரை பாடம் எடுக்கிற அந்த அம்மாளை ஊரே எஜே, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடும். அவரிடம் படித்தவர்களின் பிள்ளைகள் இப்போது அவரிடம் படிக்கிறார்கள், அவர்களுக்கும் அவர் எஜேதான். பனிக்காலத்தில் அக்மூரின் பூட்ஸ் கயிற்றைக் குனிந்து கட்டிவிடுவார். அவள் மேசையை அடுப்போரமாகப் போட்டுவைத்திருந்தார். மத்தியானத்தில் தன் பையிலிருந்து வெண்ணெய் தடவிய ரொட்டியை எடுத்து, யாரும் பார்க்காத மாதிரி அவள் கையில் திணிப்பார். இதெல்லாம் உண்மை, இதில் எதையும் குறைத்துச் சொல்வதற்கில்லை. அதட்டினால்தான் ஒரு பிள்ளையின் வாய் அடைபடும் என்று நினைக்கிறவர்கள் எஜேயைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

அக்மூர் மூச்சுத் திணறிப் பிறந்த பெண். கால்கள் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்ளும், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். நாக்கும் அதே மாதிரி. ஒரு சொல் வெளியே வருவதற்கு முகம் முழுக்க வேலை செய்ய வேண்டும். வாய் ஒரு பக்கமாக இழுக்கும், கண் கூரையைப் பார்க்கும், தொண்டையில் என்னவோ உருளும், அதற்கப்புறம் சொல் வரும். வந்தால் சரியான சொல்லாகத்தான் வரும். அதுவரைக்கும் காத்திருக்க வேண்டும். அவள் பேசியதை இங்கே ஒரே மூச்சில் எழுதிவிடலாம், ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது ஒரு கோப்பை டீ ஆறுகிற நேரம்.

வீட்டில் காத்திருந்தார்கள். அம்மா சிர்கா எண்ணெய்ச் சட்டியில் போர்சோக் பொரித்துக்கொண்டே கேள்வி கேட்பாள். மாவுத் துண்டுகள் உப்பி, ஒரு பக்கம் சிவந்து, அவற்றைத் திருப்பிப் போடுகிற நேரத்துக்குப் பதில் வந்து சேரும். அப்பா ஜெனிஷ் முற்றத்தில் இரும்புக் கேட் வெல்டிங் செய்கிறவன். மகளுக்கு அவன் வைத்த பெயர் புரொபசர்.

"புரொபசர், கேட் அகலம் ரெண்டே கால் மீட்டர். பதினஞ்சு சென்டிமீட்டருக்கு ஒரு கம்பி. எத்தனை கம்பி வெட்டணும்?"

அக்மூரின் வாய் இழுக்கத் தொடங்கியது. ஜெனிஷ் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குந்தி உட்கார்ந்தான்.

"பதினாலு" என்றாள் கடைசியில்.

"அடப்போ, பதினஞ்சு. நான் வெட்டியே வெச்சுட்டேன்."

"ஓரத்துலதான் சட்டம் இருக்கே, அங்க எதுக்குப்பா கம்பி?"

ஜெனிஷ் கேட்டைப் பார்த்தான், வெட்டிப்போட்ட கம்பிகளைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். "உன் பொண்ணு என் பொழப்பைக் கெடுக்கறா" என்றான். அன்று பூராவும் எதிரே வந்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஆகவே மகளுக்கு மூளை இருக்கிறது என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் என்று சிர்கா நினைத்துக்கொண்டிருந்தாள். அக்மூருக்கு எல்லாப் பாடத்திலும் ஐந்து மார்க், அதற்கு மேல் மார்க் கிடையாது. நாலாம் வகுப்பின் மார்ச் மாதத்தில் திறந்த வகுப்பு நடக்கும் வரை சிர்கா நிம்மதியாகத்தான் இருந்தாள்.

திறந்த வகுப்பு என்றால் வெளியாட்கள் வந்து பார்க்கிற வகுப்பு. மாவட்டத்திலிருந்து கல்வி அதிகாரிகள் வந்து பின்வரிசையில் உட்காருவார்கள், பெற்றோர்களும் உட்காரலாம். இரண்டு வாரம் முன்னாலேயே ஒத்திகை தொடங்கிவிடும். எந்தக் கேள்வி, யார் எழுந்திருப்பது, யார் கரும்பலகைக்குப் போவது என்று கல்யாண வீட்டு ஏற்பாடு மாதிரி எல்லாம் முடிவாகிவிடும். அன்றைக்கு எஜே ஒவ்வொரு கேள்வி கேட்டபோதும் வகுப்பு மொத்தமும் கை தூக்கியது. ஒரு கை கூடக் கீழே இல்லை. அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள்.

பின்வரிசையில் இருந்த சிர்கா மட்டும் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதிப் பிள்ளைகள் வலது கையைத் தூக்கினார்கள், பாதிப் பிள்ளைகள் இடது கையை. எஜே வலது கைகளை மட்டும்தான் கூப்பிட்டார். அக்மூர் ஒவ்வொரு கேள்விக்கும் கண்ணெல்லாம் மின்ன, இடது கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சிர்காவுக்கு அது தெரிந்த வித்தைதான். அவளும் இதே எஜேயிடம் இதே வகுப்பில் படித்தவள். பதில் தெரிந்தால் வலது, தெரியாவிட்டால் இடது. விருந்தாளிகளுக்கு எல்லாக் கையும் ஒன்றுதான். சிர்கா அந்தக் காலத்தில் இடது கைக்காரி. ஒருநாள் பதில் தெரிந்து வலதைத் தூக்கப் போனாள். எஜே கண்ணாலேயே, வேண்டாம் கண்ணு, என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அவளுக்குப் பதில் தெரிந்ததே இல்லை, எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். தன் தலையில் ஒன்றும் ஏறாது என்பதை அவள் தன் கண் நிறத்தைப் போல ஏற்றுக்கொண்டு வாழ்ந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மகளைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் கேள்விக்கெல்லாம் உனக்கு விடை தெரியலையா?"

"எல்லாம் தெரியும்."

"அப்புறம் ஏன்டி இடது கையைத் தூக்கினே?"

"நான் எப்பவும் இடதும்மா. எஜே சொல்லியிருக்காங்க."

"சாதாரண நாள்ல உன்னைக் கேள்வியே கேக்க மாட்டாங்களா?"

"கேப்பாங்களே." அக்மூர் சிரித்தாள். "கேட்டுட்டு அவங்களே சொல்லிடுவாங்க. அப்புறம், இதைத்தானே சொல்ல வந்தேம்பாங்க. நான் ஆமான்னு தலையாட்டுவேன். எல்லாரும் கை தட்டுவாங்க. அஞ்சு போடுவாங்க."

நாலு வருஷம். நாலு வருஷத்தில் அந்த வகுப்பறையில் தன் மகள் ஒரு பதிலைக்கூட முழுசாகச் சொல்லி முடித்ததில்லை என்பது சிர்காவுக்கு அன்றுதான் உறைத்தது. அவளுக்கு யார்மேல் கோபப்படுவது என்று புரியவில்லை. திட்டியிருந்தால் போய்ச் சண்டை பிடிக்கலாம். பூட்ஸ் கயிறு கட்டிவிடுகிறவரோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

இருந்தாலும் மறுநாள் போனாள். வகுப்பு முடிந்து பிள்ளைகள் ஓடிவிட்டிருந்தார்கள். எஜே ஜன்னலோரத்துச் செடித்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற சிர்காவுக்குத் தன்னையறியாமல் முதுகு நிமிர்ந்தது, கைகள் முன்னால் சேர்ந்துகொண்டன. முப்பத்துநாலு வயதிலும் எஜேயின் எதிரில் அவள் இரண்டாவது வரிசைப் பெண்தான்.

"வா சிர்கா, வா. நானே உன் வீட்டுக்கு வரணும்னு இருந்தேன். உட்காரு."

"இல்லை எஜே, பரவாயில்லை. அக்மூர்கிட்ட கேள்வி கேட்டா, கொஞ்ச நேரம் விட்டா, அவளே சொல்லிடுவா எஜே. வீட்ல சொல்றா."

எஜே செம்பைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் கோபமில்லை, பரிவுதான் இருந்தது. அந்தப் பரிவோடு எப்படி மல்லுக்கட்டுவது என்றுதான் சிர்காவுக்குத் தெரியவில்லை.

"சிர்கா, நீ அம்மா. உனக்கு அவ பேசறது அழகாத்தான் இருக்கும். இங்க இருபத்தஞ்சு பிள்ளைங்க. அவ வாயைக் கோணினா ரெண்டு தறுதலைங்க கோணிக் காட்டும். அதை நான் பாத்துட்டு இருக்கணுமா? அவ ஒரு வார்த்தைக்குப் படற பாட்டைப் பாத்தா எனக்கு நெஞ்சு அடைக்குது. நான் சொல்லிட்டா அவளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

"அவளுக்குப் பதில் தெரியுது எஜே."

"தெரியட்டும், நல்லதுதானே. ஆனா அவளை வெச்சு நீ என்ன கோட்டை கட்டப் போறே? அவ டாக்டர் ஆகப் போறாளா? சிரிச்ச முகமா வர்றா, சிரிச்ச முகமா போறா. இந்த மாதிரி பிள்ளைக்கு அதுவே பெரிய விஷயம்."

எஜே சிர்காவின் அருகே வந்து தோளில் கை வைத்தார். பிறகு தான் சொல்ல நினைத்திருந்த விஷயத்தைச் சொன்னார். மே மாதம் மாவட்டத் தலைநகரில் கமிஷன் உட்காருகிறது. நாலாம் வகுப்பு முடிக்கிற இந்த மாதிரிப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். கேள்விக்குப் பதில் சொன்னால் ஐந்தாம் வகுப்பு, இதே பள்ளிக்கூடத்தில், இதே பிள்ளைகளோடு. சொல்லாவிட்டால் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற விடுதிப் பள்ளி. அங்கே மெத்தை தைக்கவும் துணி மடிக்கவும் சொல்லிக்கொடுப்பார்கள். விடுமுறைக்கு மட்டும் வீட்டுக்கு அனுப்புவார்கள். பனி அதிகமாகிக் கணவாய் அடைபட்டால் அதுவும் கிடையாது.

சிர்காவுக்கு அந்த விடுதியைத் தெரியும். அவள் அத்தை மகன் ஒருவனை ஏழு வயதில் அங்கே விட்டார்கள். வருகிறபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்து, பதினைந்து வயதில் யாரோ போல வந்து நின்றான்.

"பயப்படாதே" என்றார் எஜே. "வகுப்பு ஆசிரியர் கூட வரணும்னு சட்டமே இருக்கு. நான் அவ பக்கத்துலயே உட்காந்துக்கறேன். எல்லாம் நான் சொல்லிக்கறேன்."

சிர்கா வாசல் வரைக்கும் போய்விட்டாள். அங்கே நின்று, திரும்பாமலேயே, வாழ்க்கையில் முதல் தடவையாக எஜேயை எதிர்த்துப் பேசினாள்.

"எஜே, உங்க கால்ல விழறேன். அங்க வந்து நீங்க எதுவும் சொல்லாதீங்க."

எதிர்ப்பேச்சு அப்படித்தான் வந்தது, காலில் விழுந்துகொண்டு. எஜேயின் முகம் சுருங்கிவிட்டது. நாலு வருஷம் தூக்கிச் சுமந்தவளுக்கு இதுதான் கூலியா என்று அவர் கேட்கவில்லை, ஆனால் அது முகத்தில் இருந்தது.

"சரி. நான் வாயைத் திறக்கல. ரொட்டி மேல சத்தியம்."

ரொட்டி மேல் சத்தியம் செய்துவிட்டு அதை மீறுகிறவர் யாரும் அந்த ஊரில் இல்லை. சிர்காவுக்கு மனசு லேசாயிற்று. வழியெல்லாம், சொல்லிட்டேன், சொல்லிட்டேன், என்று தனக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஏப்ரல் முழுக்க வீட்டில் கமிஷன் நடந்தது. ஜெனிஷ் தலையில் வெள்ளைத் தொப்பியும் மூக்கில் உடைந்த கண்ணாடியுமாக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வான். அக்மூரை எதிரில் உட்கார வைத்து, அதிகாரி மாதிரித் தொண்டையைச் செருமிக்கொள்வான்.

"குடிமகளே, பேர் என்ன?"

"அக்மூர் ஜெனிஷ் மகள்."

"ஆட்டுக்கு எத்தனை கால்?"

"உயிரோட இருக்கற ஆட்டுக்கா, நம்ம சட்டியில இருக்கற ஆட்டுக்கா?"

"இந்தப் பொண்ணை ஜெயில்ல போடுங்க. வாய் ஜாஸ்தி."

வாய் ஜாஸ்தி என்று அவளை உலகத்தில் சொன்ன ஒரே மனிதன் அவன்தான். அக்மூர் மேசையில் தலை கவிழ்த்துச் சிரிப்பாள். வாய்ப்பாடு, ஆறுகளின் பெயர், படத்தில் பொருந்தாதது எது, எல்லாம் கேட்டார்கள். எல்லாம் சொன்னாள். "அவசரப்படாதே. எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்கோ. நாங்க காத்திருக்கற மாதிரி அவங்களும் காத்திருப்பாங்க" என்று சிர்கா திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளுக்கே வெட்கமாக ஒரு ஆசை வந்திருந்தது. அந்த மேசைக்கு முன்னால் மகள் பதில் சொல்கிறபோது, தானும் அந்தக் காலத்தில் வலது கையைத் தூக்கியிருக்கலாம் என்று ஆகிவிடும்.

அந்த ஒத்திகையில் எஜே இல்லை. அது யாருக்கும் ஒரு குறையாகத் தோன்றவில்லை.

கமிஷன் நாளில் எஜே வெல்வெட் மேல்சட்டை போட்டுக்கொண்டு, விசேஷத்துக்குக் கட்டுகிற தலைத்துணி கட்டிக்கொண்டு வந்தார். வேனில் அக்மூரின் காலுக்கடியில் தன் சால்வையை மடித்து வைத்தார். சிர்காவிடம் அளந்து பேசினார், ஆனால் அக்மூரின் கையை வழி முழுக்க விடவில்லை.

அந்த அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவி, அவருக்கு ஒரு பக்கம் டாக்டர், இன்னொரு பக்கம் ஒரு இளம்பெண். அவர்களைக் கொடுமைக்காரர்கள் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாகிவிடும். அப்படி இல்லை. தலைவி எழுந்து வந்து தானே அக்மூருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். எஜேயை அவள் பக்கத்தில் உட்காரச் சொன்னார். சிர்காவைக் கதவோரம் உட்காரச் சொல்லி, "அம்மா பேசக் கூடாது, சரியா?" என்று சிரித்தார்.

"உன் பேர் என்ன, கண்ணு?"

சிர்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு மகளின் வாயைப் பார்த்தாள். இழுக்கட்டும், ஒரு பக்கமாக இழுக்கட்டும். வாய் அசையவே இல்லை. அக்மூர் தலைவியைப் பார்த்து அழகாகப் புன்னகை செய்தாள். பிறகு நிதானமாகத் திரும்பி எஜேயின் முகத்தைப் பார்த்தாள்.

எஜே சத்தியம் செய்திருந்தார். கண்ணைத் தரையில் பதித்துக்கொண்டார்.

தலைவி காத்திருந்தார். நிஜமாகவே காத்திருந்தார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தபோது கையமர்த்திக்கூட நிறுத்தினார். பிறகு படங்களை எடுத்து வைத்தார். பசு, ஆடு, குதிரை, வண்டி.

"இதுல எது மத்ததோட சேராது? வாயால சொல்லணும்னு இல்லை, விரலை வெச்சுக் காட்டினாலும் போதும்."

அக்மூர் படங்களைப் பார்த்தாள். ஒரு நொடிதான் பார்த்தாள், போதும் என்பது போலத் தலையை நிமிர்த்தினாள். மறுபடி எஜேயின் பக்கம் திரும்பிக்கொண்டாள். கைகள் மடியில் ஒழுங்காக இருந்தன. எஜேயின் உதட்டைப் பார்த்துக்கொண்டு, ரொட்டி அடுப்பிலிருந்து வெளியே வரட்டும் என்று நிற்கிற பிள்ளை மாதிரிப் பொறுமையாகக் காத்திருந்தாள்.

பேசு, பேசுடி என் தங்கமே, என்று சிர்கா நெஞ்சுக்குள் கத்தினாள். கதவோரத்திலிருந்து ஒரு சத்தம்கூட வரவில்லை. பேசக் கூடாது என்று சொன்னால் பேசாமல் இருக்க அவளும் இதே எஜேயிடம்தான் கற்றுக்கொண்டாள்.

"ஏழு எட்டு எவ்வளவு?" என்று தலைவி கேட்டார். குரல் இன்னும் மென்மையாகியிருந்தது. முடிவு செய்துவிட்டவர்களின் குரல் அப்படித்தான் மென்மையாகும்.

அக்மூர் திரும்பினாள். எஜே தலைத்துணியின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் வெல்வெட்டில் சொட்டியது. அக்மூர் கையை நீட்டி எஜேயின் முழங்கையை மெல்லத் தட்டினாள். உங்க முறை எஜே, மறந்துட்டீங்களா, என்று ஞாபகப்படுத்துகிற மாதிரி. அதை எஜேயால் தாங்க முடியவில்லை. ரொட்டி மேல் செய்த சத்தியம் உடைந்துபோயிற்று.

"ஐம்பத்தாறு" என்றார், விம்மிக்கொண்டே. "ஐம்பத்தாறுன்னுதானே சொல்ல வந்தே, என் குதிரைக்குட்டி?"

அக்மூரின் முகம் மலர்ந்துவிட்டது. ஆமாம், ஆமாம், என்று தலையாட்டினாள். கை தட்டுவார்கள் என்று சுற்றிலும் பார்த்தாள்.

தலைவி பேனாவைக் கீழே வைத்தார். "எஜே, பரீட்சை உங்களுக்கு இல்லை" என்றார். இளம்பெண் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டாள். டாக்டர் தலைவியிடம், பேச்சும் இல்லை, புரிதலும் இல்லை, யார் என்ன சொன்னாலும் தலையாட்டுது, என்று தாழ்ந்த குரலில் சொன்னது கதவோரம் வரைக்கும் கேட்டது. செப்டம்பரிலிருந்து விடுதிப் பள்ளி என்று தலைவி சிர்காவிடம் சொன்னார். அங்கே இவளைப் போன்ற பிள்ளைகளோடு சந்தோஷமாக இருப்பாள் என்றும் சொன்னார். சந்தோஷம் என்று சொன்னபோது அவர் சிர்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

திரும்புகிற வேனில் எஜே டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பின்னால் வந்து உட்கார அவருக்குத் தைரியம் வரவில்லை. சிர்கா மகளை மடியில் சாய்த்துக்கொண்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைநகரைத் தாண்டி வேன் மலையேறத் தொடங்கியபோது அக்மூர் தலையைத் தூக்கினாள். வாய் இழுத்தது, கண் மேலே போனது.

"வண்டி" என்றாள்.

"என்னது?"

"வண்டிதான் சேராது. மத்ததெல்லாம் உயிரு. வண்டியும் குதிரையும் சேர்ந்து போகுமே, அதனால அதுலதான் ஏமாத்தப் பாத்தாங்க. நான் ஏமாறல."

சிர்கா மகளின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"ஏன்டி அங்க சொல்லல? ஏன்டி அந்த அம்மா கேட்டப்ப நீ வாயைத் திறக்கல?"

அக்மூருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்து அவளுக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் சொல் இன்னும் தாமதமாக வரும். வேன் ஒரு வளைவைத் தாண்டி அடுத்த வளைவுக்கு வந்துவிட்டது.

"எஜே சொல்லுவாங்கன்னு இருந்தேன். பள்ளிக்கூடத்துல பதில் சொல்றது எஜே வேலைம்மா. கண்டுபிடிக்கறது மட்டும்தான் என் வேலை. நான் எல்லாத்தையும் கண்டுபிடிச்சுட்டேன். அவங்கதான் சொல்லல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, முன்னால் கேட்டுவிடக் கூடாதே என்பது போல, "எஜேக்கு எம்மேல கோவமா?" என்று கேட்டாள்.

முன்னால் கேட்டுவிட்டது. எஜேயின் முதுகு ஆடாமல் அசையாமல் அப்படியே இருந்தது. கொஞ்ச தூரம் போனதும், வண்டியை நிறுத்து தம்பி, என்றார். இறங்கி, சாலையோரத்தில் காற்று தலைத்துணியைப் பிய்க்க நின்றுகொண்டு தலைவிக்குப் போன் போட்டார். பிள்ளைக்கு எல்லாம் தெரியும், இப்போதுதான் சொன்னாள், ஒரே ஒரு தடவை, இன்னும் ஒரே ஒரு தடவை கேளுங்கள், நான் வெளியே நிற்கிறேன், உங்கள் ஊருக்கே வராமல் வேண்டுமானாலும் இருக்கிறேன் என்று கெஞ்சினார். தெமிர்-புலாக் டமீரா எஜே யாரிடமும் கெஞ்சி அந்த டிரைவர் பார்த்ததில்லை. அவனும் அவரிடம் படித்தவன்தான். அவன் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

எஜே திரும்பி வந்து வேனில் ஏறினார்.

"என்ன சொன்னாங்க எஜே?" என்றாள் சிர்கா.

"உங்க பாசம் எங்களுக்குப் புரியுது எஜேன்னாங்க. பாசத்துல சொல்லிக்கொடுக்கறவங்க பேச்சை எப்படி எழுத்துல எடுத்துக்கறதுன்னாங்க." அவர் போனை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். "நான் சொன்னா நம்ப மாட்டாங்க சிர்கா. நான் சொன்னதைத்தானே அவங்க கண்ணால பாத்தாங்க."

சிர்காவுக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. அந்த அறையில் எஜே பேசக் கூடாது என்று சொன்னது யார்? அவள்தான். முதல் கேள்விக்கே எஜே பேர் சொல்லியிருந்தால், அடுத்ததையும் சொல்லியிருந்தால், ஒருவேளை சிரித்துக்கொண்டே பாஸ் போட்டிருப்பார்களோ? வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வாய் திறந்தோம், அதுவும் தப்பான இடத்தில் என்று அவள் நினைத்தாள். தன்னைப் பற்றி அவளுக்கு அந்தக் காலத்திலிருந்தே தெரியும். இடது கைக்காரி.

வீட்டு வாசலில் ஜெனிஷ் வேலையை நிறுத்திவிட்டுக் காத்துக்கொண்டிருந்தான். நெற்றியில் முகமூடி, கையெல்லாம் கரி. காலையிலிருந்து ஒரு கம்பியைக்கூட ஒட்டவில்லை என்பது தரையைப் பார்த்தாலே தெரிந்தது. மகள் வேனிலிருந்து இறங்கியதும், யாரையும் பார்க்காமல், அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தான்.

"என்ன புரொபசர், கமிஷன் என்ன சொல்லுது?"

அக்மூர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பாவிடம் சொல்ல அவளிடம் நிறைய இருந்தது. வண்டிப் படத்தில் ஏமாறாமல் இருந்தது, எல்லாக் கணக்கையும் கண்டுபிடித்தது, எஜே அழுதது. அவள் வாய் ஒரு பக்கமாக இழுத்தது. கண் மேலே போனது. கழுத்து நரம்பு புடைத்தது. சிர்கா அதைப் பார்த்தாள். அந்த மூன்று பேரும் பார்க்காத முகம் அது, நாலு வருஷம் எஜேயால் பார்க்க முடியாத முகம். அவள் தினமும் எண்ணெய்ச் சட்டியின் பக்கத்தில் நின்று சலிக்காமல் பார்த்த முகம். இன்றைக்கு அவளாலும் பார்க்க முடியவில்லை.

"கிடைக்கல" என்றாள் சிர்கா. "செப்டம்பர்ல விடுதிக்கு அனுப்பணுமாம்."

சொன்ன பிறகுதான் என்ன செய்தோம் என்பது அவளுக்குத் தெரிந்தது.

ஜெனிஷ் மனைவியின் பக்கம் திரும்பவே இல்லை. "நீ சொல்லு தங்கம்" என்றான் மகளிடம். "அப்பாக்கு அவசரமே இல்லை. நீ என்னவோ சொல்ல வந்தியே, சொல்லு."

அக்மூர் வாயை மூடிக்கொண்டாள். நிதானமாகத் திரும்பி அம்மாவின் உதட்டைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்து, ஆமாம், அதைத்தான் சொல்ல வந்தேன், என்று தலையாட்டினாள்.